புறப்பட்டுப் போன மலை

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வழி தவறியவர்கள் இந்த உலகத்தில் கோடிக்கணக்கில் இருப்பார்கள். ஆனால் தான் அடையாளம் வைத்திருந்த பொருளே கண்ணெதிரில் புகைவிட்டுக்கொண்டு கிளம்பிப் போனதைப் பார்த்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

என் தரப்பு நியாயத்தையும் கொஞ்சம் கேளுங்கள். நான் செஞ்சிக்காரன். செஞ்சியில் பிறந்தவனுக்கு வழி கேட்கிற பழக்கம் கிடையாது. கர்வம் என்று நினைக்காதீர்கள், தேவை இல்லை, அவ்வளவுதான். ராஜகிரி மலையை முதுகுக்குப் பின்னால் வைத்து நடந்தால் திண்டிவனம் சாலை. இடது கைப்பக்கம் வைத்துக்கொண்டால் மேல்மலையனூர். கள்ளுக்கடையிலிருந்து வருகிறவன்கூடத் தலையைத் தூக்கி மலையை ஒருமுறை பார்த்துவிட்டுச் சரியாகத் தன் வீட்டுக் கதவைத்தான் தட்டுவான். இப்படி ஒரு வசதியில் இருபத்திரண்டு வருஷம் வளர்ந்தவனைக் கொண்டுபோய், ஒரு மேடுகூட இல்லாத பாண்டிச்சேரியில் விட்டால் என்ன ஆகும்? சொல்கிறேன்.

வெள்ளைக்காரன் டில்லியை விட்டுப் போன மறு வருஷம் அது. பாண்டிச்சேரி வெள்ளைக்காரன் மட்டும் போகவில்லை. அவன் வேறு வெள்ளைக்காரன். என் அக்கா லூர்தம்மாளைச் சைகோன் கப்பலில் ஏற்றிவிட்டு வரும் பொறுப்பு எனக்குக் கிடைத்தது. (கிடைத்தது என்றால், நானே கேட்டு வாங்கினேன்.)

அக்காவின் கதை சிறியது. சண்டை ஆரம்பித்த வருஷம் கல்யாணம். நாலு மாதம் குடும்பம். மாமாவுக்குப் பிரெஞ்சுக்காரன் ஆண்ட சைகோனில் உத்தியோகம். "ஆறு மாசத்துல உன்ன கூப்ட்டுக்கறேன்" என்று சொல்லிவிட்டுக் கப்பலேறினார். உலக யுத்தம் நடத்தியவர்களிடம் இந்த ஏற்பாட்டை யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. கப்பல் நின்றது, கடிதம் நின்றது, ஆறு மாதம் ஒன்பது வருஷம் ஆனது. 'போனவன் போனவன்தான்' என்று ஊரில் பேச ஆரம்பித்த பிறகு ஒருநாள், கப்பல் சீட்டும் சர்க்கார் காகிதமும் மாமாவின் கடிதமும் ஒரே உறையில் வந்து சேர்ந்தன. இந்தக் கப்பலை விட்டால் அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது. அங்கேயும் ஏதோ கலகம் என்றார்கள். ஆகவே, அக்கா இந்தக் கப்பலில் ஏற வேண்டும். எனக்கு இருந்த வேலை அது ஒன்றுதான்.

அப்போதுதான் எனக்கு வாத்தியார் வேலை கிடைத்திருந்தது. பிரெஞ்சுக்காரன் ஊருக்கு வெறும் சட்டையோடு போவதா என்று, எங்கள் தலைமையாசிரியரிடம் அவருடைய கம்பளிக் கோட்டை இரவல் வாங்கினேன். மாதம் சித்திரை. அந்தக் கோட்டு எந்தக் குளிர்தேசத்துக்குத் தைத்ததோ, அதைப் போட்டுக்கொண்டு நின்றால் இட்லிப் பானைக்குள் இருப்பதுபோல இருக்கும். மாதா கோயில் பங்குச் சாமியாரிடம் பிரெஞ்சு வேறு கற்றுக்கொண்டேன். ஒரு வாரத்தில் ஒரே ஒரு வார்த்தைதான் நின்றது: 'மெர்சி'. நன்றி என்று அர்த்தம். ஓர் அந்நிய நாட்டைச் சமாளிக்க இது போதும் என்று தோன்றியது.

புறப்படும்போது நைனா (எங்கள் அப்பா) பாஸ்போர்ட்டோடு சேர்த்துக் காகிதங்களை என் கையில் கொடுத்தார். "நீயே வச்சுக்கடா. அதுகிட்ட குடுக்காத. பொம்பளப்புள்ள, எங்கனா வச்சுட்டுத் தேடும்."

ஒன்பது வருஷமாக மாமாவின் பழைய கடிதங்களை ஒன்று விடாமல் வரிசை மாறாமல் வைத்திருந்தவளைப் பற்றித்தான் இந்தப் பேச்சு. நானும் பெரிய மனிதன்போலத் தலையை ஆட்டிக் கோட்டின் உள்பையில் போட்டுக்கொண்டேன்.

பதினோரு மணிக்குப் பாண்டிச்சேரிக் கடற்கரைக்கு வந்து சேர்ந்தோம். அந்த ஊரில் கப்பல் கரைக்கு வராது. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். கடலுக்குள் நீண்டிருக்கிற இரும்புப் பாலத்திலிருந்து படகில் போய் ஏற வேண்டும். பாலத்தடியில் இருந்த கொட்டகையில் மூன்று மணிக்கு மேல் காகிதத்தில் முத்திரை குத்துவார்கள், கடைசிப் படகு ஐந்து மணிக்கு என்று எழுதிப் போட்டிருந்தது. அக்கா தகரப்பெட்டியைக் கொட்டகை வாசலில் இறக்கி வைத்தாள். மேலே ஒரு ஊறுகாய் ஜாடி. மாமாவுக்கு நெல்லிக்காய் ஊறுகாய் பிடிக்கும் என்று நாலு மாதத்தில் தெரிந்துகொண்டிருந்தாள்.

கடலில் கறுப்பாக ஒரு கப்பல் நின்றது. ஆடவில்லை, அசையவில்லை. எனக்கு உடனே சொந்த ஊர் ஞாபகம் வந்தது.

"நீ இங்கயே குந்து. நான் ஊரச் சுத்திப் பாத்துட்டு ஒரு மணிக்குள்ள வந்துடறேன்" என்றேன்.

"காகிதத்த குடுத்துட்டுப் போடா."

"உன் கைல எதுக்குக்கா? கோட்டுப் பைல பத்திரமா இருக்குது."

"வழி தெரியுமாடா உனக்கு?"

"இன்னாக்கா இப்டி கேக்குற? அதோ பார் கப்பல். ராஜகிரியாட்டம் நிக்குது. அத வச்சே திரும்பி வந்துடுவேன்."

"அது நம்ம கப்பல்தானான்னு யார்னா ஒருத்தர கேட்டுட்டுப் போயேன்."

"கடல்ல இருக்கறதே ஒரு கப்பல். அது நம்மது இல்லாம, சந்தைக்கு வந்த கப்பலா?"

அக்கா பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டாள். நான் தெருமுனை திரும்பிய பத்தாவது நிமிஷம் கொட்டகைக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாளாம்: சைகோன் கப்பல் இன்னும் வரவே இல்லை, மத்தியானம் வரும், வெள்ளை நிறம். அந்தத் தகவல் கரையில் இருந்தது. நான் ஊருக்குள் இருந்தேன்.

சரித்திரம் தெரிந்தவர்களுக்கு ஒரு விஷயம் ஞாபகம் இருக்கும். ஒரு காலத்தில் இந்தப் பிரெஞ்சுக்காரர்கள் எங்கள் செஞ்சிக் கோட்டையை, யாராலும் பிடிக்க முடியாது என்று பெயர் வாங்கிய கோட்டையை, ஒரே ராத்திரியில் பிடித்துவிட்டார்கள். அந்தக் கடனை ஒரே மத்தியானத்தில் தீர்த்துவிடுகிற தோரணையில்தான் நான் அவர்கள் ஊருக்குள் நடந்தேன். எதிர்ப்பே இல்லை. சிவப்புத் தொப்பி போலீஸ்காரர் ஒருவர் என் கோட்டைப் பார்த்து ஒதுங்கி வழிவிட்டார். "மெர்சி" என்றேன். ஒரு மாடிவீட்டு நாய் குரைத்தது. அதற்கும் "மெர்சி" என்றேன்.

நம் பக்கத்துத் தெரு கிணற்றைக் கண்டால் ஒதுங்கும், புளியமரத்தைக் கண்டால் வளையும், முகம் பார்த்துப் பழகலாம். அங்கே தெருக்களெல்லாம் நாலுகோடு நோட்டில் கோடு போட்டதுபோல. ஒரு மஞ்சள் சுவர், ஒரு பச்சைக் கதவு, ஒரு காகிதப்பூக் கொடி. அடுத்த தெருவில் அதே சுவர், அதே கதவு, அதே கொடி. நான் கவலைப்படவில்லை. என்னிடம் ஒரு சித்தாந்தம் இருந்தது. கிழக்கே பார்த்தால் தெருவின் கடைசியில் ஒரு துண்டுக் கடல் தெரியும். எந்தத் தெருக் கடைசியில் கப்பல் தெரிகிறதோ, அதுதான் பாலத்துக்குப் போகிற தெரு. இதைவிடச் சுலபமாக ஒரு நகரத்தை யாரும் புரிந்துகொண்டிருக்க முடியாது என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

வாய்க்காலைத் தாண்டி, பெரிய மார்க்கெட்டைப் பார்த்து, கோயில் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பினேன். ஒரு தெருவின் கடைசியில் கப்பல் தெரிந்தது. வெள்ளையாக இருந்தது.

இந்த இடத்தில் ஒரு மாடு இருந்திருந்தால்கூட நின்று யோசித்திருக்கும். நானும் யோசித்தேன். படித்தவன் ஆயிற்றே! உச்சிவெயிலில் கறுப்பு, பார்ப்பதற்கு வெள்ளையாகத் தெரிகிறது என்று ஒரு காரணத்தைக் கண்டுபிடித்து, அது விஞ்ஞானபூர்வமாக இருந்ததில் திருப்தியும் அடைந்தேன். அந்தத் தெருவில் நடந்தால் பாலத்துக்குப் பதிலாக ஒரு பூட்டிய இரும்புக் கேட்டு வந்தது. சுற்றிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனேன். கப்பல் இல்லை. அதற்கடுத்த தெருவில் கப்பல், கறுப்பாக. மேகம் மறைத்திருக்கிறது என்று முடிவு செய்தேன். (வானத்தில் மேகம் என்று பெயர் சொல்ல ஒரு பஞ்சுகூட இல்லை.) மூன்று மலைகளுக்கு நடுவே பிறந்து, எது ராஜகிரி, எது கிருஷ்ணகிரி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவனுக்கு, கடலில் இரண்டு கப்பல் இருக்கலாம் என்று மட்டும் தோன்றவில்லை.

ஒரு மணி போய் இரண்டு மணியும் போனது. யாரையும் கேட்கவில்லை. கோட்டுப் போட்டவன் வழி கேட்டால் கோட்டுக்கு அவமானம். மூன்றரை மணி வாக்கில், எந்தப் பச்சைக் கதவுக்கு முன்னால் நிற்கிறேன் என்று எனக்கே தெரியாத நேரத்தில், கடைசித் தெருவின் கடைசியில் கறுப்புக் கப்பல் தெரிந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டேன்.

அது நகர்ந்தது.

முதலில் எனக்குத்தான் மயக்கம் என்று நினைத்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டேன். சுவர் நின்றது. கப்பல் போனது. குபுகுபுவென்று புகைவிட்டபடி, தெருவின் ஒரு சுவரிலிருந்து கிளம்பி மறு சுவருக்குள் போய் மறைந்துவிட்டது. மலைபோல் நம்பினேன் என்று கதைகளில் எழுதுவார்கள். நான் எழுத்துக்கு எழுத்து அப்படியே நம்பியவன். என் ராஜகிரி என்னை விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டது. அதில் போக வேண்டிய அக்காவின் காகிதமோ என் பையில்.

ஓடினேன். கரைக்கு வந்ததும் இடதுபக்கம் தலையைத் திருப்பியிருந்தால் இரும்புப் பாலமும், அதற்கு அப்பால் வெள்ளைக் கப்பலும், பெட்டிமேல் உட்கார்ந்திருந்த அக்காவும் ஒரே வரிசையில் தெரிந்திருப்பார்கள். திருப்பவில்லை. மலையே ஓடிக்கொண்டிருக்கும்போது எவன் தலையைத் திருப்புவான்? கப்பலையே பார்த்துக்கொண்டு தெற்கே மணலில் ஓடி, மீனவர் குப்பத்தில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் நடுவில் போய் விழுந்தேன்.

"இன்னா தொரை, இன்னா ஆச்சு?" என்று ஒரு பெரியவர் தூக்கி நிறுத்தினார்.

மூச்சு வாங்கியது. கப்பலைக் காட்டி, "அந்தக் கப்பல்! காகிதம்! நிறுத்துங்க!" என்று கோட்டுப் பையை அடித்து அடித்துக் காட்டினேன்.

பெரியவர் கோட்டைப் பார்த்தார். கப்பலைப் பார்த்தார். "ஏய், கப்பல் கம்பெனி ஆளுடா இவரு! கப்பலுக்குக் குடுக்க வேண்டிய காகிதத்த மறந்துட்டாரு. தள்ளுங்கடா மரத்த!"

நன்றாக யோசித்துப் பாருங்கள். ஒரு வேட்டிச் சட்டைக்காரன் அப்படிக் கத்தியிருந்தால், 'எந்தக் கப்பல், யாரு நீ' என்று நாலு கேள்வி கேட்டிருப்பார்கள். கேட்டிருந்தால் தப்பித்திருப்பேன். தலைமையாசிரியரின் கோட்டு என்னை எந்தக் கேள்வியும் இல்லாமல் நேராகக் கடலுக்குள் அனுப்பியது.

கட்டுமரத்தைப் படகு என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அது படகு இல்லை. நாலு கட்டைகளைச் சேர்த்துக் கட்டி, கடல் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டுப் போவதற்கு இடம் விட்ட ஓர் ஏற்பாடு. முதல் அலை என் மடியில் உட்கார்ந்தது. இரண்டாவது அலை தலைமேல் ஏறிக் கோட்டின் உள்பை வழியாக இறங்கியது. கோட்டு தண்ணீர் குடித்துக் குடித்து, என்னைவிடக் கனமாகிவிட்டது.

"பயப்படாத தொரை. மூக்கு முட்ட மல்லாட்டை ஏத்திக்கினு போவுது. வேகமாப் போவாது. புடிச்சிடலாம்" என்று பெரியவர் தைரியம் சொன்னார்.

"மல்லாட்டையா?" (எங்கள் பக்கத்தில் வேர்க்கடலைக்கு அதுதான் பெயர்.)

"ஆமா. நாலு நாளா மூட்டை மூட்டையா ஏத்துனீங்களே."

"அப்ப... சைகோன் கப்பலு?"

துடுப்பு நின்றது. பெரியவர் மெல்லத் திரும்பி என் முதுகுக்குப் பின்னால் கையைக் காட்டினார். "அதோ, வெள்ளையா நிக்குதே, அது. மத்தியானந்தான் வந்துச்சு. ஆமா, நீங்க இன்னா வேலை?"

"வாத்தியார்."

"எந்த ஊரு?"

"செஞ்சி."

"அதான்" என்றார்.

அந்த ஒரு வார்த்தையில் எங்கள் கோட்டை இரண்டாம் முறை விழுந்தது.

நல்ல மனிதர், திட்டவில்லை. கட்டுமரத்தை வடக்கே திருப்பி, இரும்புப் பாலத்தின் ஏணியடியில் கொண்டுவந்து சேர்த்தார். மேலே ஏறினேன். அங்கே காலையில் பார்த்த அதே சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர். இம்முறை அவர் ஒதுங்கவில்லை. கடல் பக்கத்திலிருந்து, கோட்டுப் போட்டு, சொட்டச் சொட்ட ஒருவன் ஏறி வந்தால் அவன் அந்நிய தேசத்தான் என்பது சட்டம்.

"எந்தக் கப்பல்லேருந்து எறங்குனீங்க, முசே? எறங்குற அனுமதிச் சீட்டு எங்க?"

பத்து மணி நேரத்துக்கு முன்புவரை செஞ்சியில் இருந்தவனை முசே என்று துரையாக்கி, எந்தக் கப்பல் என்று கேட்கிறார். எனக்குத் தெரிந்த ஒரே பிரெஞ்சு வார்த்தையைச் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்தது.

அக்கா அந்நேரம் ஊர்ப்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பதினோரு மணியிலிருந்து அந்தத் தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். பின்னால் கலாட்டாவைக் கேட்டுத் திரும்பினாள். என்னைப் பார்த்தாள், ஏணியைப் பார்த்தாள், கடலைப் பார்த்தாள்.

"இன்னாடா, நீயே சைகோன் போயிட்டு வந்துட்டியா? மாமா நல்லாருக்காரா?"

பாலத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். போலீஸ்காரரும் சிரித்துவிட்டு வழிவிட்டார். அக்கா சிரிக்கவில்லை. கையை நீட்டினாள். "காகிதம்" என்றாள். அப்போதுதான், அன்றைக்கு முதல் தடவையாக, நான் என்ன செய்திருக்கிறேன் என்று எனக்குப் புரிந்தது. பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். காகிதம் என்று சொல்வதைவிட, ஊறவைத்த அப்பளம் என்று சொல்லலாம்.

மணி நாலரை தாண்டியிருந்தது. அக்கா என்னைத் திட்ட நேரம் ஒதுக்கவில்லை. 'இங்கயே குந்து' என்று நான் சொல்லிவிட்டுப் போன இடத்தை விட்டு அவள் நகரவே இல்லை. அவளுடன் தகரப்பெட்டியும் ஐந்து மணி நேரமாக வெயிலில் காய்ந்து தோசைக்கல்லாக இருந்தது. ஒவ்வொரு தாளாகப் பிரித்துப் பெட்டிமேல் பரப்பினாள். பறக்காமல் இருக்க நடுவில் ஊறுகாய் ஜாடி. நாலு பக்கமும் முந்தானையால் விசிறினாள். தாள்கள் சுருண்டு சுருண்டு காய்ந்தன. எழுத்து ஒருமாதிரி தப்பித்துவிட்டது. படம்தான் போய்விட்டது. பாஸ்போர்ட்டில் ஒட்டியிருந்த அக்காவின் முகத்தில், ஒரு காதும் பாதி நெற்றியும் மட்டும் மிச்சம். மற்றதெல்லாம் பழுப்பாக ஒரு கறை, அதன்மேல் ஊறுகாய் எண்ணெயில் ஒரு வட்டம்.

கொட்டகை அதிகாரி பாண்டிச்சேரித் தமிழர். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இன்னாம்மா இது? இதுல மூக்கு எங்க?"

"ஈரம் பட்டுடுச்சுங்க."

"யார் மூஞ்சியோ தெரியலியே. இந்தப் படத்த வச்சு உங்கள நான் எப்படிம்மா அனுப்பறது? அங்க எறங்கும்போது என்னக் கேப்பான்."

கடைசிப் படகு மணி அடித்தார்கள். நான் நடுவில் புகுந்து ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "நீ சும்மா இரு" என்றாள் அக்கா. என்னிடம் அவள் அன்று கேட்டுக்கொண்டதிலேயே நான் சரியாகச் செய்த காரியம் அது ஒன்றுதான். பிறகு அதிகாரியிடம் திரும்பி, குரலை உயர்த்தாமல் சொன்னாள்:

"நாலு மாசம் குடும்பம் பண்ணிட்டுப் போன மனுசனுக்கு ஒம்போது வருசமா காத்துட்டிருக்கறங்க. அவருக்கு என் மூஞ்சி இந்தப் படத்துல இருக்கற அளவுக்குத்தான் ஞாபகம் இருக்கும். அவருக்கு அடையாளம் தெரிஞ்சாப் போதாதாங்க?"

அதிகாரி அவளைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். பிறகு, கறையின் நட்டநடுவில், மூக்கு இருந்திருக்க வேண்டிய இடத்தில், முத்திரையைக் குத்தினார்.

ஓடினோம். பெட்டியைப் படகுக்காரர் வாங்கினார். ஜாடியை அக்கா விடவில்லை, மடியில் வைத்துக்கொண்டாள். படகு தள்ளியதும்தான் அவள் முகத்தில் சிரிப்பு வந்தது. எல்லாரும் கேட்கும்படி கத்தினாள்:

"டேய்! பஸ்ஸு எங்க நிக்குதுன்னு யார்னா ஒருத்தர கேட்டுட்டுப் போடா!"

கேட்டேன். ஒருவரை இல்லை, ஆறு பேரைக் கேட்டேன்.

கோட்டு காய்ந்ததும் சுருங்கிவிட்டது. தலைமையாசிரியர் அதை வாங்கிக்கொண்டு, அடுத்த ஞாயிறு தன் பேரனுக்குப் போட்டுக் கோயிலுக்கு அழைத்து வந்தார். கச்சிதமாக இருந்தது. நைனா மட்டும், "காகிதத்த அதுகிட்டயே குடுத்திருக்கலாம்" என்று, நான்தான் கேட்கவில்லை என்பதுபோல, சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

மூன்று மாதம் கழித்துச் சைகோனிலிருந்து கடிதம் வந்தது. மாமா எழுதியிருந்தார். இறக்கிவிடும் இடத்தில் அதிகாரி படத்தைக் காட்டி, "இது யார்?" என்று கேட்டாராம். மாமா படத்தை முகர்ந்து பார்த்துவிட்டு, "நெல்லிக்காய் ஊறுகாய். என் பெண்சாதிதான்" என்று சொல்லி அழைத்துப் போனாராம். கடிதத்தின் அடியில் அக்காவின் கையெழுத்தில் ஒரே வரி: "தம்பி, ராஜகிரி அங்கேயே இருக்குதா?"

அன்றிலிருந்து இன்றுவரை அவள் எழுதிய எந்தக் கடிதமும் அந்த வரி இல்லாமல் முடிந்ததில்லை. பிள்ளைகள் பிறந்த சேதியானாலும் சரி, நைனா செத்ததற்கு அழுது எழுதிய கடிதமானாலும் சரி, கடைசி வரி அதுதான். என் வீட்டிலும் தொற்றிக்கொண்டது. நான் வெளியூர் கிளம்பினால் என் மனைவி, "மலைய ஒருவாட்டி பாத்துட்டுப் போங்க, திரும்பி வரும்போது இருக்குதோ இல்லியோ" என்கிறாள். பிள்ளைகள் வாசலில் நின்று ஊதல் ஊதிக் கப்பல் கிளப்புகிறார்கள்.

நானும் ஒவ்வொரு கடிதத்துக்கும் பொறுப்பாகப் பதில் எழுதித்தான் வருகிறேன். நேற்றுகூட ஒன்று வந்தது. பதில் எழுத உட்கார்ந்தவன், எதற்கும் இருக்கட்டும் என்று எழுந்துபோய் ஜன்னல் வழியாக ஒருமுறை பார்த்துவிட்டு வந்தேன்.

இருக்கிறது. புகை எதுவும் வரவில்லை.